ஆயிரத்து இருநூற்று நாற்பத்தோரு பேட்டரிகள்

ஏழு மணி நேரம், பதின்மூன்று நிமிடம். அந்த மருந்தின் உயிரில் பாதி போவதற்கு அவ்வளவுதான் ஆகும். மிச்சத்தில் பாதி போக இன்னொரு ஏழு மணி பதின்மூன்று நிமிடம். யார் கெஞ்சினாலும் அது ஒரு நிமிடம்கூடக் கூட்டித் தராது.

சென்னையில் காலை நாலரை மணிக்கு அதைத் தயாரித்து, சிறு குப்பிகளில் அடைத்து, ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். ஆறே முக்காலுக்கு விமானம் கிளம்பும். எட்டு ஐந்துக்குச் செங்கரையில் இறங்கும். எட்டரைக்குப் பெட்டி மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கும். அங்கே புற்றுநோய் வார்டில் ஆறு பேர் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள்.

அன்றைக்கும் விமானம் எட்டு ஐந்துக்கே வந்தது. ஆடிக்காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே வீசியதால் றெக்கையை ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் தரை தொட்டது. ஐம்பது பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். வாலில் பழைய தென்காற்று நிறுவனத்தின் நீலத்தைப் பாதி சுரண்டிவிட்டு, அதை வாங்கிய அம்பரா நிறுவனத்தின் ஆரஞ்சு வண்ணத்தை அடித்திருந்தார்கள்.

"பாதி மொட்டை போட்ட மாதிரி நிக்கி பாத்தியா தாயி," என்றார் சுடலைக்கண்ணு. "நேந்துக்கிட்டவன் நடுவுல எந்திரிச்சு ஓடிட்டான் போலுக்கு."

இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. செங்கரையில் அம்பராவின் பொறுப்பு அதிகாரி அவள். இயற்பியல் படித்தவள், முப்பத்தோரு வயது. விமானத்தில் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்பதற்கெல்லாம் அவள்தான் கையெழுத்து. சுடலைக்கண்ணு சாமான் ஏற்றி இறக்குபவர். ஐம்பது தாண்டியும் வயிறு தள்ளாத ஆள்.

பின்பக்கக் கதவு திறந்ததும் அவர் முதலில் அந்தப் பெட்டியைத்தான் எடுத்தார். ஒரு தவலை அளவுதான் இருக்கும், ஆனால் முப்பது கிலோ.

"வண்டியில வைங்க அண்ணாச்சி. அதுக்குத்தான வாங்கிப் போட்டிருக்கேன்," என்றாள் இசக்கியம்மாள். நீளமான கைப்பிடி வைத்த தள்ளுவண்டி ஒன்று சுவரோரம் நின்றது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளே சொந்தமாக வாங்கியது. அதன் சக்கரத்தில் இன்னும் அழுக்குகூட ஏறவில்லை.

"குலுங்கும் தாயி. மருந்து கலங்கிட்டுன்னா? பச்சப்புள்ளயத் தூக்குத மாதிரி தூக்கணும்னு நீதான மொத நாளு சொன்ன."

சொன்னது அவள்தான். அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வேன் நிற்கும் வாசலை நோக்கி நடந்தார். இருநூறு அடி தூரம். பாதி வழியில் திரும்பிக் கத்தினார். "ஒண்ணாந்தேதி வருதுல்லா, மறக்காம சட்டையத் துவைக்க வாங்கிக்கோ. ஆபீசரு லோடுமேன் சட்டையத் துவைக்கித ஒரே ஏர்போர்ட்டு நம்மதாம்!"

அவர் போட்டிருந்தது வெளிச்சம் பட்டால் மின்னும் பச்சை மேல்சட்டை. அதை மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

இசக்கியம்மாள் கையிலிருந்த தாளில் வழக்கமான வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். *நிறுவனச் சாமான். பேட்டரி, ஒன்று.*

அலுவலகத்தில் ஒருவர் காத்திருந்தார். அதே விமானத்தில் வந்தவர். பெயர் கார்வண்ணன், கோயம்புத்தூர்க்காரர், அம்பராவின் நிறுவன இணைப்புப் பிரிவு. மேசைமேல் ஒரு துணிப்பையை வைத்திருந்தார். அவர் அதைத் தள்ளி வைத்தபோது உள்ளே சாவிகள் கலகலத்தன.

"அஞ்சு ஊருச் சாவிங்க," என்றார், அவள் பார்ப்பதைக் கவனித்து. "மூடின ஊர்லெல்லாம் வாங்கிட்டு வர்றேன். இது ஆறாவது. பதினொரு மணிக்கு அட்டவணையப் பூட்டிருவாங்க. அதுக்குள்ள நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சதுங்க. திங்கக்கிழமையிலிருந்து இங்க விமானம் வராது."

அவளுக்குத் தெரிந்ததுதான். அம்பரா வாங்கியதிலிருந்து எந்த ஊருக்கு விமானம் போக வேண்டும் என்பதை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. சூத்ரா என்ற கணினி நிரல் தீர்மானித்தது. அதுவே எழுதி, அதுவே கூட்டிக் கழித்து, விமானத்தை நிறுத்தப் பதினேழு சின்ன ஊர்களைப் பட்டியல் போட்டிருந்தது.

"இனிமே சென்னையிலருந்து இங்க வர்றவங்க எப்படி வருவாங்க?"

"எல்லாமே தக்காண மையம் வழியாத்தாங்க. நாலு ஓடுபாதை, இருநூறு வாசல். சின்ன ஊருக்கு நேராப் போற கதையெல்லாம் இனி இல்ல. எல்லாரையும் அங்க கொண்டாந்து குவிச்சு, அங்கிருந்து பிரிச்சு அனுப்புறது. சென்னையில ஏறி, வடக்க போயி, அங்க மாறி, மதுரையில எறங்கோணும். ஒம்போது மணி நேரம்."

மதுரையிலிருந்து சாலையில் இன்னும் இரண்டு மணி. மொத்தம் பதினொன்று. இசக்கியம்மாளுக்குத் தாள் தேவைப்படவில்லை. மூன்றில் ஒரு பங்கு மருந்துதான் மிஞ்சும். அது நோயைத் தொடுவதற்குள் தீர்ந்துபோகும். வார்டில் இருக்கும் ஆறு பேருக்கும் இன்னும் மூன்று தவணை பாக்கி.

"சார், கூட்டம் கம்மின்னு சொல்லாதீங்க. ஒரு நாளைக்கு நாப்பத்து மூணு பேருக்குக் குறையாமப் போறாங்க."

"கூட்டம் யாருங்க கம்மின்னா?" கார்வண்ணன் கணினியை அவள் பக்கம் திருப்பினார். "கூட்டம் அருமையா இருக்குது. சூத்ரா மூடச் சொல்றது இதுக்காக."

திரையில் ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தது. *விமானப் பழுது: நாட்டிலேயே மிக அதிகம்.*

"நாலு வருசத்துல இந்த ஒரே ஊர்ல ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தொரு பேட்டரி மாத்தியிருக்கீங்க. ஒரு விமானத்துக்கு வருசம் ரெண்டு மாத்துனாலே அதிகமுங்க. சூத்ராவுக்கு என்ன தெரியும்? இந்த ஓடுபாதையில எறங்குற விமானமெல்லாம் டெய்லி செத்துப் பொழைக்குதுன்னு நினைச்சுக்குது. அப்படிப்பட்ட ஊருக்கு யாராவது விமானம் விடுவாங்களா?"

இசக்கியம்மாள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருடமாக அந்த ஒற்றை வரிதான் மருந்தைக் கொண்டுவந்து சேர்த்தது. அதே வரிதான் இப்போது விமானத்தை நிறுத்துகிறது. அவள் எழுதிய வரி.

"எனக்குச் சூத்ரா மாதிரி யோசிக்கத் தெரியாதுங்க," என்று கார்வண்ணன் குரலைத் தணித்தார். "அதனால வாசல் கேமராவப் போட்டுப் பாத்தேன்." படம் ஓடியது. பச்சைச் சட்டை போட்ட ஒருவர் பெட்டியை அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஒரு வேனில் வைக்கிறார். அடுத்த நாளும் அதே நடை. அதற்கடுத்த நாளும். "யாருங்க இவரு?"

"சுடலைக்கண்ணு அண்ணாச்சி."

"டெய்லி ஒரு பேட்டரி வெளிய போகுது. நான் உங்களக் காப்பாத்தத்தான் பாக்கறேன், கேளுங்க. தகவல் தப்புன்னா திருத்தறதுக்கு எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. பதினொரு மணிக்குள்ள. பழுதில்ல, திருட்டுன்னு நான் போட்டா அந்தச் சிவப்பு வரி அழிஞ்சுரும். விமானம் வழக்கம்போல வரும். ஆதாரம் மட்டும் வேணும். அந்தாளு ஒத்துக்கிட்டாப் போதும்."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் கதவைத் திறந்து காவலரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

சுடலைக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. கார்வண்ணன் படத்தைக் காட்டினார். சிவப்பு வரியைக் காட்டினார். பழுதென்றால் விமானம் நிற்கும், திருட்டென்றால் நிற்காது என்பதை அவருக்கும் பொறுமையாகச் சொன்னார்.

சுடலைக்கண்ணு இசக்கியம்மாளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நாந்தாம் சார் எடுத்தேன்."

"எதுக்கு?"

"என் மச்சினன் பெட்டிக்கடை வச்சிருக்கான். லைட்டுக்கு."

"ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தொண்ணுமா?"

"கொஞ்சம் பெரிய கடை சார்."

கார்வண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெளிய உக்காந்து எழுதலாம். பத்தே முக்காலுக்குள்ள வேணும்."

"அண்ணாச்சி..." என்றாள் இசக்கியம்மாள்.

"நீ சும்மா இரி தாயி. செஞ்சத ஒத்துக்கிடணும்லா." அவர் தாளை வாங்கிக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் அவளைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார்.

இசக்கியம்மாள் கழிவறைப் பக்கம் போய் பெனிட்டாவைக் கூப்பிட்டாள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் கதிரியக்கப் பாதுகாப்பைக் கவனிப்பவள். அந்த மருந்து கதிரியக்க மருந்து என்பது செங்கரை விமான நிலையத்தில் இசக்கியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்; அது பேட்டரி என்ற பெயரில் பறக்கிறது என்பது ஆஸ்பத்திரியில் பெனிட்டாவுக்கு மட்டும்தான் தெரியும். முறையாக அனுப்பலாம் என்று நாலு வருடத்துக்கு முன்னால் இருவரும் மனுப் போட்டார்கள். செங்கரையில் அதற்குத் தனி அறை வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், நாலு மணி நேரம் முன்னதாகவே பெட்டியை ஒப்படைக்க வேண்டும் என்று பதில் வந்தது. நாலு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மருந்து போய்விடும். தென்காற்று நிறுவனம் மனுவை எடுத்து அலமாரியில் வைத்தது. அந்த வாரமே இசக்கியம்மாள் முதல் பேட்டரியை எழுதினாள். நிறுவனத்தின் சொந்தச் சாமானை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நடந்ததைக் கேட்டுவிட்டு பெனிட்டா ஏதோ கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அண்ணாச்சி ஒத்துக்கிட்டாங்கன்னா விட்டுரு இசக்கி. நல்ல வக்கீலாப் பாத்துக்கிடலாம். விமானம் தப்பிச்சா அடுத்த வாரம் வேற பேருல அனுப்பிக்கிடலாம்."

"அவர ஜெயில்ல போடுவாங்கட்டி."

"நீ உள்ளதச் சொன்னா நம்ம ரெண்டு பேரையும் போடுவான். ஆஸ்பத்திரி லைசென்சும் போவும். ஆறு பேரு இங்க கையில ஊசியோட படுத்திருக்காவ. இந்த டீச்சரம்மா, வள்ளிமயிலு, அவங்களுக்கு மூணே மாசத்துல கட்டி பாதியாக் கொறஞ்சிருக்கு. அவங்ககிட்ட நீ வந்து சொல்லுதியா?"

இசக்கியம்மாள் சுவரில் சாய்ந்தாள்.

"இன்னொண்ணு," என்றாள் பெனிட்டா, குரலைத் தாழ்த்தி. "எது சொன்னாலும் அந்த அட்டையப் பத்தி மட்டும் வாயத் திறந்துராத. அது நமக்குள்ள."

வெளியே பயணிகள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. திரும்பிப் போகும் விமானம் எட்டே முக்காலுக்கே போய்விட்டது. கடைசி வரிசையில் சுடலைக்கண்ணு குனிந்து உட்கார்ந்து, தொடைமேல் ஒரு நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுதுகிற பையனைப் போல நாக்கை லேசாக வெளியே நீட்டியிருந்தார். அவள் கிட்டே போனாள். நாலே வரி எழுதியிருந்தார்.

"தாயி, 'பேட்டரி'க்கு எத்தன புள்ளி?" என்று கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து மெதுவாக, "சங்கடப்படாத. எனக்கென்ன, மகளுக்குக் கல்யாணம் ஆயாச்சு. நீ இருந்தாத்தான் பெட்டி வரும். நான் இல்லன்னா வேற எவனாச்சும் தூக்குவான். பதனமாத் தூக்கச் சொல்லு, அம்புட்டுதாம்."

வேறு எவனாவது. அந்தச் சொல் அவளை எங்கோ அடித்தது. அடுத்தவன் நெஞ்சோடும் அதே பெட்டி.

அவர் கையிலிருந்து தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள்.

"ஏ, என்னத்தச் செய்த நீ!"

"இங்கயே இருங்க அண்ணாச்சி. எங்கயும் போயிராதிய."

மணி பத்து நாற்பத்தொன்று.

"பேட்டரி இல்ல சார்," என்றாள் கதவைச் சாத்திவிட்டு. "ஒண்ணுகூட இல்ல."

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். மருந்து, ஏழு மணி பதின்மூன்று நிமிடம், அலமாரியில் கிடக்கும் மனு, நாலு வருடக் கையெழுத்து. சென்னையில் ஏற்றுகிறவர்களுக்குப் பெட்டிமேல் ஒட்டிய சீட்டு மட்டும்தான் தெரியும். விமானிகளுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி போட்டு விசாரித்துக்கொள்ளலாம்.

கார்வண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கதிரியக்கமா? அட, நான் காலையில அதுமேல உக்காந்துட்டுத்தானுங்க வந்தேன்!"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பெட்டி வால் பக்கத்துல இருக்கும். ஈயத்தத் தாண்டி வர்றது கொஞ்சம், தூரம் ரெண்டு மடங்கானா அது நாலுல ஒரு பங்காயிரும். கடைசி சீட்டு வரைக்கும் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன். ஆனா அதச் சொல்லாம ஏத்துனது தப்பு. அத நான் தப்பில்லன்னு சொல்ல மாட்டேன்."

"நாலு வருசம்!"

"நாலு வருசம்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தது. ஆனால் கண் கடிகாரத்துக்குப் போனது. "சூத்ரா கெட்டது இல்லீங்க. தெரிஞ்சத வச்சு முடிவெடுக்குது. நீங்க அதுகிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க, அது நம்பிருச்சு." ஆஸ்பத்திரிக்குப் பேசினார். மறுமுனையில் பெனிட்டா முதலில் மறுத்தாள். பிறகு, "ஆமா," என்றாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு அவர் திருத்தத்தைப் போட்டார். பேட்டரி என்ற சொல் இருந்த ஆயிரத்து இருநூற்று நாற்பத்தோரு இடங்களிலும் மருந்து என்று மாறியது. சூத்ரா யோசித்தது. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று கொடிக்கம்பத்தின் கயிற்றை அடித்துக்கொண்டிருந்தது.

*செங்கரை வழித்தடம்: தொடரும். மருத்துவச் சரக்கு. நேரடி சேவை அவசியம். சரக்கு ஏற்புப் பிரிவு அமைக்கப் பரிந்துரை.*

மனிதர்கள் நாலு வருடமாக அலமாரியில் வைத்திருந்ததை அது நாலு நொடியில் எழுதிவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி. *விதிமீறல். பொறுப்பு அதிகாரி: அ. இசக்கியம்மாள். விசாரணைக்கு.*

"அனுமதி வர்ற வரைக்கும் பெட்டி ஏறாதுங்க," என்றார் கார்வண்ணன். "மூணு வாரம் ஆகலாம். உங்க வேலை... அது என் கையில இல்ல."

"தெரியும் சார்."

மூன்று வாரம். வள்ளிமயில் டீச்சருக்கு ஒரு தவணை தவறும். ஒன்று தவறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

கார்வண்ணன் சாவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கதவருகில் போனவர் நின்றார். "தூரத்தப் பத்திச் சொன்னீங்களே, ரெண்டு மடங்கு, நாலுல ஒரு பங்குன்னு." அவர் அந்தக் கேமராப் படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "அந்தாளு பெட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறாருங்க. அவருக்குத் தூரமே இல்லீங்களே."

இசக்கியம்மாள் விசாரணைத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"மருந்துன்னு தெரியும்."

"நான் சொல்லட்டுங்களா, நீங்க சொல்றீங்களா?"

விசாரணைத் தாள்களை எழுதி முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. அவள் வெளியே வந்தபோது மணி பதினொன்று நாற்பத்து மூன்று. காலையில் வந்த மருந்தில் சரியாகப் பாதி போயிருந்தது.

சுடலைக்கண்ணு அதே நாற்காலியில் இருந்தார். கார்வண்ணன் போகும்போது விமானம் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அண்ணாச்சி முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"செயிச்சுட்டியே தாயி! அந்தக் கோயம்புத்தூர்க்காரன் எனக்குக் கை குடுத்துட்டுல்லா போறான். என்னத்துக்கோ ஒரு மாதிரி பாத்தான், அதான் வெளங்கல. நான் திருடன் இல்லங்கதுல அவனுக்கு வருத்தம் போலுக்கு."

"சட்டையக் கழட்டுங்க அண்ணாச்சி."

"இன்னும் ஒண்ணாந்தேதி ஆகலியே."

"கழட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அவள் அதை மடியில் போட்டு, இடப்பக்கத்து உள்மடிப்பில் தன் கையால் தைத்த தையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளேயிருந்து தீப்பெட்டி அளவில் ஓர் அட்டை வந்தது. அதில் ஆஸ்பத்திரியின் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. சுடலைக்கண்ணு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தாயி இது? தாயத்தா?"

"இது அளவு பாக்குத அட்டை அண்ணாச்சி. மாசா மாசம் உங்க சட்டைய வாங்குனது துவைக்கதுக்கு இல்ல, இத மாத்ததுக்கு. நீங்க நெஞ்சோட தூக்கிட்டு வந்தது கதிர் வீசுத மருந்து. கண்ணுக்குத் தெரியாது, சூடும் தெரியாது. மொத மூணு வருசம் இதுல வந்தது ரொம்பக் கம்மி, ஒண்ணும் பண்ணாதுன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

அவர் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"சித்திரையிலருந்து ஒரு பெட்டியில ரெண்டு குப்பிக்குப் பதிலா அஞ்சு வச்சு அனுப்புதாங்க. பெட்டி அதே பெட்டிதான். ஒரு மனுசன் ஒரு வருசத்துக்குத் தாங்கலாம்னு வச்சிருக்க அளவு, உங்களுக்கு ஒரே மாசத்துல வந்துட்டு. அடுத்த மாசமும் வந்துட்டு. அதுக்கடுத்த மாசமும்."

அவர் சுவரோரம் நின்ற தள்ளுவண்டியைத் திரும்பிப் பார்த்தார். அதன் நீளமான கைப்பிடியைப் பார்த்தார்.

"எனக்கு வைகாசியிலயே தெரியும், அண்ணாச்சி," என்றாள் இசக்கியம்மாள்.